ஆயிரத்து எண்பத்தொன்பது நாள் தாமதம்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். தங்கள் மகனும் என் மகளும் நலம். பேத்தி நலமோ நலம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பற்கள் வந்துவிட்டன, நான்கையும் என் மூக்குக்கண்ணாடியின் காதில் கடித்துச் சோதித்துவிட்டாள். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். தங்கள் இரத்த அழுத்தம் மட்டும் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணியிலிருந்து நலமாக இல்லை என்று கேள்விப்பட்டேன். அதற்குக் காரணம் நான்தான் என்பதால் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஏழு தடவை அடித்தேன், தாங்கள் எடுக்கவில்லை. எட்டாவது தடவை சம்பந்தியம்மா எடுத்து, "அவரு வீட்டுலதான் இருக்காரு. ஆனா உங்களுக்கு மட்டும் இல்லைன்னு சொல்லச் சொன்னாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத குடும்பம் என்று அன்றைக்கே என் மனைவியிடம் சொன்னேன். அந்த நூலகச் செய்திக்குப் பின்னால் நான் இருப்பது தெரிந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று தாங்கள் சொன்னதாக மகள் வந்து சொன்னாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாள். கழுவுவதற்கு அங்கே ஒரு டம்ளர்தான் இருந்தது. சம்பந்தி, நான் முப்பத்தொரு வருடம் நூலகக் கணினிக்குப் பேக்கப், அதாவது காப்பு நகல், எடுத்தவன். எதைத் திரும்ப எடுக்கலாம், எதை எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். குழந்தையின் முதல் பிறந்தநாள் எந்த டேப்பிலும் கிடையாது. ஆகவே நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் தங்களுக்கு வந்த அந்தச் செய்தி. முடிதிருத்தும் கடையில், பாதி முகம் மழித்து மீதிப் பாதியில் சோப்பு நுரையோடு தாங்கள் சாய்ந்திருந்தபோது, வந்த செய்தியைத் தானே வாசித்துச் சொல்லும்படி பழக்கி வைத்திருக்கும் தங்கள் கைபேசி, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி இப்படி வாசித்ததாம்: "அன்புள்ள வாசகரே, தாங்கள் எடுத்துச் சென்ற 'கோபத்தைக் குறைக்க எழுபது பயிற்சிகள்' என்னும் நூல் திரும்பி வர ஆயிரத்து எண்பத்தொன்பது நாள் தாமதம் ஆகியுள்ளது. நமது நகர நூலகத்தின் தாமதக்காரர் பட்டியலில் தாங்கள் முதல் இடத்தில் இருக்கிறீர்கள்." முப்பத்தாறு வருடம் ரயில் நிலையத் தலைவராக இருந்தவர் தாங்கள். வண்டி தாமதமாக வந்திருக்கும், தாங்கள் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. என் மகள் கல்யாணத்துக்கே எங்களுக்கு முன்னால் வந்து மண்டபத்துக் கதவைத் திறக்கச் சொல்லி நின்றவர். அப்படிப்பட்டவரை ஒரு இயந்திரம் ஊரறியத் தாமதக்காரர் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? பாதி மழித்த முகத்தோடு எழுந்து வந்துவிட்டீர்களாம். மீதிப் பாதியை இன்றுவரை மழிக்கவில்லை என்றும், காரணம் தீரும்வரை மழிக்கப்போவதில்லை என்றும் கேள்வி. சம்பந்தியம்மா அந்தப் பக்கமாக உட்காராமல் பார்த்துக்கொள்கிறார்களாம்.

"அந்தப் பொஸ்தகம் எடுத்த நாலாம் நாளே நூலகத்துக்குப் போயாச்சு, என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்" என்று தாங்கள் சொன்னதை என் மகள் அப்படியே வந்து சொன்னாள். சத்தியமே வேண்டாம் சம்பந்தி. நான் நம்புகிறேன். அந்தச் செய்தி முழுக்க முழுக்கத் தவறு, அதற்கு நான் பொறுப்பு, என் கையெழுத்தில் எழுதித் தருகிறேன். எப்படித் தவறு என்பதற்குத்தான் இனிமேல் வருவது.

நகர நூலகத்தில் நான் டேப் அறைப் பொறுப்பாளராக இருந்தது தங்களுக்குத் தெரியும். ஆனால் என்ன செய்தேன் என்று தாங்கள் கேட்டதில்லை, யாருமே கேட்டதில்லை, என் மனைவிகூட 'டேப்' என்றால் முதல் பத்து வருடம் துணி அளக்கிற டேப் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் இதுதான். நூலகத்தில் ஒரு சர்வர் இருக்கிறது. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், யார் எடுத்துப் போனார், ஊழியர் கதவு யாருடைய அட்டைக்குத் திறக்கும், எல்லாம் அதன் தலையில்தான். அது ஒரு நாள் செத்துப் போனால்? அதற்காகத் தினமும் வேலை முடியும் நேரத்தில் அதன் முழு உருவத்தையும் டேப்பில் இறக்கி வைக்க வேண்டும். சில கோப்புகளை மட்டும் நகல் எடுப்பது வேறு. இது சர்வர் அந்த நிமிடத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்ததோ அதோடு சேர்த்து அப்படியே படம் பிடிப்பது. சிஸ்டம் இமேஜ் என்பார்கள். பிறகு வேறொரு வெற்று இயந்திரத்தில் அந்த டேப்பை ஓடவிட்டால், பழையது அப்படியே எழுந்து உட்காரும். உட்கார்ந்ததும், தான் தூங்கியதே அதற்குத் தெரியாது. விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளாததால்தான் இவ்வளவும்.

என்னுடைய டேப் அறையில் திங்கள் முதல் சனி வரை ஆறு டேப், மாதக் கடைசிக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்தில் லேபிள், எல்லாம் செங்குத்தாக நிற்கும். டேப்பைப் படுக்க வைக்கக் கூடாது. அது மனுஷன் மாதிரி இல்லை, படுத்தால் உடம்புக்கு ஆகாது. அதைவிட முக்கியம், ஒரு பிரதி எப்போதும் வேறொரு கூரையின் கீழ் இருக்க வேண்டும். நூலகம் தீப்பிடித்தாலும் அந்த ஒன்று பிழைக்கும். அந்த வேறு கூரை என் வீட்டுக் கூரை. எங்கள் படுக்கையறை பீரோவில் மேல் தட்டில், வெயில் படாமல், வானொலிப் பெட்டியின் பக்கத்தில் இல்லாமல், சாயாமல் இருக்கத் துண்டில் சுற்றிய ஒரு முட்டுக் கொடுத்து, அதை நான் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன். என் மனைவி தன் புடவைகளை அதற்காக இரண்டு தட்டுக் கீழே இறக்கியவள். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

இந்த நிலையில்தான் நான் ஓய்வுபெற ஆறு வாரம் இருக்கும்போது தங்கள் மகன் எங்கள் நூலகத்துக்குக் கணினி அதிகாரியாக வந்தார். அதே சமயத்தில்தான் அவருக்கும் என் மகளுக்கும் பேச்சு முடிந்து, நாங்கள் தங்கள் வீட்டுக்கு வந்து, தாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எங்களை வரவேற்றதும் நடந்தது. வீட்டில் மாப்பிள்ளை, அலுவலகத்தில் மேலதிகாரி. மாப்பிள்ளை என்றால் நான் எழுந்து நிற்க வேண்டும். அதிகாரி என்றாலும் நான் எழுந்து நிற்க வேண்டும். ஆக ஆறு வாரமும் நின்றுகொண்டே இருந்தேன். இருக்கட்டும். வந்த முதல் வாரமே என் அறையை எட்டிப் பார்த்து, "எதுக்கு சார் இந்த டேப் எல்லாம், ஒரு டிஸ்க் பெட்டி வாங்கிப் பக்கத்துல வெச்சா அதுவே நிமிஷத்துக்கு நிமிஷம் நகல் எடுத்துக்கும்" என்றார். பெட்டியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். "சர்வர் மேலேயே வெச்சுடலாம் சார், இடம் மிச்சம்" என்றார். ஒரே கூரை! ஒரே அறை! ஒன்றின் தலைமேல் இன்னொன்று! நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, அவருக்குச் சர்வர் அறைக் கதவைத் திறக்க அனுமதி தரும் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். என் எதிர்ப்பை அவ்வளவுதான் காட்ட முடிந்தது. நான் ஓய்வுபெற்ற மறுநாள் வேறொருவர் அதில் கையெழுத்துப் போட்டார். டேப் அறை துடைப்பம் வைக்கும் அறை ஆயிற்று. என் வீட்டு பீரோவில் இருந்த கடைசி நாள் டேப்பை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

சரி, மூன்று வருடம் ஓடியது. கல்யாணம் ஆயிற்று, பேத்தி பிறந்தாள். மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் நானும் அவரும் டேப் என்ற பேச்சை மட்டும் எடுப்பதில்லை, செல்லோ டேப் வேண்டும் என்றால்கூட 'ஒட்டுற அது' என்றுதான் சொல்லிக்கொள்வோம். போன திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் அவர் நின்றார். சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. நூலகத்தின் மேல்மாடிக் கழிவறையில் குழாய் உடைந்து ஞாயிறு முழுவதும் தண்ணீர் ஓடியிருக்கிறது. அது எங்கே இறங்கும்? நேராகச் சர்வர் தலையில். அதாவது முதலில் டிஸ்க் பெட்டியின் தலையில், அங்கிருந்து சர்வரின் தலையில். இரண்டும் ஒரே நாளில், ஒரே தண்ணீரில் போயின. என் மனைவி கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி, "மாமா, உங்ககிட்ட அந்த... ஒட்டுற அது இல்லாம... இன்னொண்ணு இருக்குல்ல?" என்றார். சம்பந்தி, நான் மூன்று வருடமாக இந்த ஒரு கேள்விக்காகப் பதில் தயார் செய்து வைத்திருந்தவன். குளிக்கும்போது ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஆனால் நனைந்த சட்டையைப் பார்த்ததும் அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. "முதல்ல தலையைத் துவட்டுங்க மாப்பிள்ளை" என்று பீரோவைத் திறந்து டேப்பை எடுத்தேன்.

டேப் இருந்தால் போதுமா? அதைப் படிக்க டிரைவ் வேண்டும். அது எங்கே என்று கேட்டால் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் புத்தகம் வழங்கும் மேசையில் இருக்கும் அம்மாள்தான், "கருப்பா, கனமா, முன்னால வாய் மாதிரி ஒண்ணு இருக்குமே, அதுவா? அது மேலதானே பூந்தொட்டி வெச்சு மூணு வருஷமா தண்ணி ஊத்துறேன்" என்றார். தொட்டியை இறக்கினோம். டிரைவின் வாய்க்குள் ஒரு எறும்புக் குடும்பம் சகல வசதியோடும் வாழ்ந்துகொண்டிருந்தது. அவற்றைக் காலி செய்ய வைத்து, உள்ளே துடைத்து, சுத்தம் செய்யும் டேப்பை மூன்று தடவை ஓட்டினேன். இவ்வளவுக்கும் மாப்பிள்ளை என் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். நூலகத்தின் உதிரி இயந்திரம் ஒன்றை வெற்றாகத் துடைத்து வைத்தோம். அதைத் தட்டி எழுப்பும் பூட் டிஸ்க்கை நான் டேப்போடு ஒரே பெட்டியில் வைத்திருந்தேன் என்றதும் மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னொரு முப்பத்தொரு வருடம் வேலை பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. சர்வர் செத்ததால் பூட்டும் வேலை செய்யாமல் திறந்து கிடந்த சர்வர் அறையில் நான், மாப்பிள்ளை, தலைமை நூலகர் அம்மா மூவரும். டேப்பைச் செருகினேன். டிரைவ் அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது, ஒரு முனகல், ஒரு இடைவெளி, பிறகு சரளமாக ஓட்டம். உயிர் இருக்கிறது என்றேன். உடனே திரையில் ஒரு கேள்வி வந்தது: கடவுச்சொல்? டேப் களவு போனால் யாரும் படிக்கக் கூடாது என்று கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது வழக்கம். இந்தக் கடைசி டேப்புக்கு நான் பணி ஓய்வு பெற்ற நாளில், சரியாகச் சொன்னால் அந்த டிஸ்க் பெட்டி வந்து இறங்கிய அரை மணி நேரத்தில், ஒரு சொல் போட்டிருந்தேன். அது எனக்கு மறக்கவில்லை. மறந்திருக்கக் கூடாதா என்று அந்த நிமிடம்தான் தோன்றியது. அந்தப் பழைய மென்பொருள் கடவுச்சொல்லைப் புள்ளிகளாக மறைக்காது, பட்டவர்த்தனமாகக் காட்டும். "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருந்தா..." என்று இழுத்தேன். "பரவாயில்ல சார், நாங்களும் தெரிஞ்சுக்கணும், அடிங்க" என்றார் தலைமை நூலகர் அம்மா. அடித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ் என்பதால் அம்மாவுக்கு உடனே பிடிபடவில்லை. கண்ணாடியை ஏற்றி, எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தார்: "மாப்... பிள்ளைக்கு... ஒன்... றும்... தெரியாது... ஒன்று."

மாப்பிள்ளை திரையருகே குனிந்து தானும் ஒரு தடவை வாசித்தார். பிறகு, "கடைசியில அந்த ஒண்ணு எதுக்கு மாமா?" என்று கேட்டார். "எண் ஒண்ணு கட்டாயம் வேணும்னு கேட்டுச்சு மாப்பிள்ளை" என்றேன். இதைத் தங்களிடம் மறைத்திருக்கலாம். ஆனால் தங்கள் மகன் தங்களிடம் சொல்லவில்லை என்று தெரியும், சொல்லவும் மாட்டார். நான் அவரைப் பற்றி அப்படி நினைத்தேன் என்பதும், அவர் அதைப் படித்த பிறகும் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, "நாலு மணி நேரம் ஆகும், உக்காருங்க மாமா" என்றார் என்பதும், பெற்றவர் தாங்கள், தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு டேப் முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை. மூன்று வருடம் பீரோவில் நின்ற டேப்! இயந்திரம் எழுந்தது, திரை வந்தது, நூலகத்தின் பழைய முகப்பு தெரிந்தது, தலைமை நூலகர் அம்மா கைதட்டினார். கீழே காத்திருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மாப்பிள்ளை வெளியே ஓடினார், கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இங்கேதான் சம்பந்தி, நான் ஒரு வேலை செய்ய மறந்தேன். பழைய இமேஜை எழுப்புவதற்கு முன் முதல் வேலையாக வலைப்பின்னல் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். ஏனென்றால் அது எழுந்தவுடன் வெளியுலகத்தோடு பேச ஆரம்பித்துவிடும், ஆனால் அதன் மனதில் இன்னும் பழைய நாள்தான். இதைச் சிவப்பு மையில், பெரிய எழுத்தில், என் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தவன் நானே. அந்தக் கையேடு அன்றைக்கு என் மடியில்தான் இருந்தது. நானே எழுதியதை நானே படிப்பதா என்று திறக்கவில்லை.

அரை நிமிடத்தில் மாப்பிள்ளை திரும்பி வந்து தன் அட்டையைக் கதவில் காட்டினார். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினார், மறுபடி சிவப்பு. சர்வரின் நினைப்பில் அது இன்னும் நான் ஓய்வுபெறும் நாள். அவருடைய படிவம் அதன் கணக்கில் இன்னும் என் இழுப்பறையில்தான். மாப்பிள்ளை புத்திசாலி, கதவு திறக்கவில்லை என்றதுமே கேபிள் செருகியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தடித்த கண்ணாடிக் கதவு, ஒரு சத்தமும் உள்ளே வராது. அவர் வெளியே நின்று இரண்டு கையாலும் கயிறு இழுப்பதுபோல இழுத்து இழுத்துக் காட்டிக் குதித்தார். நான் என்ன நினைப்பேன்? இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்த மனிதர் சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று நினைத்தேன். "உங்க மாப்பிள்ளைக்கு எவ்வளவு ஆனந்தம் பாருங்க சார்!" என்றார் தலைமை நூலகர் அம்மா. எனக்கும் உள்ளம் பொங்கியது. நானும் எழுந்து, உள்ளே நின்று, அவரைப் பார்த்து இரண்டு கையாலும் அதே மாதிரி இழுத்துக் காட்டிக் குதித்தேன். என் முழங்கால் எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரியும். அவர் தலையில் அடித்துக்கொண்டார். நானும் தலையில் அடித்துக்கொண்டேன். இப்படி நான்கு நிமிடம்.

அந்த நான்கு நிமிடத்தில் சர்வர் தன் வேலையைப் பார்த்தது. தூங்கி எழுந்து நாள்காட்டியைப் பார்த்திருக்கிறது. மூன்று வருடம் போயிருக்கிறது, நேற்று வெளியே போன புத்தகங்கள் எதுவும் திரும்பி வந்ததாகக் கணக்கில் இல்லை. ஐயையோ என்று, அன்றைக்குப் புத்தகம் கையில் வைத்திருந்த நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மூச்சில் தாமதச் செய்தி அனுப்பிவிட்டது. முதலில் தலைமை நூலகர் அம்மாவின் கைப்பையில் கைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார், முகம் மாறியது. அவருக்கே தாமதச் செய்தி, அதுவும் சமையல் புத்தகத்துக்கு. நான் குதிப்பதை நிறுத்தினேன். உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் திறந்துவிட்டேன், மாப்பிள்ளை பாய்ந்து வந்து கேபிளைப் பிடுங்கினார். அதற்குள் மணி பதினொன்றே கால். அந்நேரம் தாங்கள் முடிதிருத்தும் கடையில் சாய்ந்திருந்தீர்கள்.

கீழே தொலைபேசிகள் அலறத் தொடங்கின. தலைமை நூலகர் அம்மா இடுப்பில் கை வைத்து, "கேபிளைப் பிடுங்காதது யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கள் மகன் முன்னால் வந்து, "நான்தான் மேடம். அவர் பெரியவர், கேட்டதும் உதவிக்கு வந்தார். கேபிள் என் பொறுப்பு" என்றார். அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் மறுத்துச் சொன்னதற்கு, "விடுங்க மாமா, மாப்பிள்ளைக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்று சிரித்தார். சம்பந்தி, அன்று மாலை வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. அவரைப் போய் அப்படி நினைத்தேனே என்று மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் தலைமை நூலகர் அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லி அறிக்கையைத் திருத்த வைத்தேன். மூன்று வருடத்தில் புதிதாய் வந்த புத்தகங்களையும் உறுப்பினர்களையும் கைப்பதிவேட்டிலிருந்து இப்போது மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து ஏற்றிக்கொண்டிருக்கிறோம். டேப் அறையிலிருந்து துடைப்பங்கள் வெளியேறிவிட்டன. மாலையில் டேப்பை அவரே செருகுகிறார். நான் பின்னால் நின்று, கொஞ்சமாகத்தான், திருத்துகிறேன்.

ஆகவே தாங்கள் கோபப்பட வேண்டியது என் மேல் மட்டும்தான். அதையும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து படுங்கள். அந்தச் செய்தி அனுப்பியது தூக்கக் கலக்கத்தில் இருந்த ஒரு இயந்திரம். அதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. தாங்கள் தாமதக்காரர் இல்லை, இந்த ஊரில் வேறு யார் வேண்டுமானாலும் தாமதக்காரராக இருக்கலாம், தாங்கள் இல்லை. இதை எந்தக் கடையில் எந்த நாற்காலியில் நின்று வேண்டுமானாலும் உரக்கச் சொல்லத் தயார். மாலை நாலரைக்குக் குழந்தை கேக்கில் கை வைக்கிறாள். அவளுக்கு இரண்டு தாத்தா. ஒருவர் மடியில் அலுத்துப் போனால் தாவுவதற்கு இன்னொரு மடி வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். தங்கள் இரத்த அழுத்தம் இறங்கி, மீதிப் பாதிக் கன்னமும் விரைவில் வழவழப்பாகித் தாங்கள் நீடு வாழ வேண்டும்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
சம்பந்தி
(டேப் அறை, ஓய்வு, தற்போது மீண்டும் பணியில்)

நகல்: ஒன்று, வேறொரு கூரையின் கீழ், மாப்பிள்ளையிடம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் என் மனைவி கூப்பிட்டாள். டேப்தான் நூலகத்துக்குப் போயாயிற்றே என்று புடவைகளைப் பழையபடி மேல் தட்டுக்கு ஏற்ற பீரோவைத் திறந்திருக்கிறாள். "ஏங்க, இந்தத் துண்டுக்குள்ள என்னது?" என்றாள். "டேப்புக்குக் கொடுத்த முட்டு" என்றேன். "முட்டுல நூலக முத்திரை குத்தியிருக்கே" என்றாள்.

'கோபத்தைக் குறைக்க எழுபது பயிற்சிகள்.'

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. பேச்சு முடிக்கத் தங்கள் வீட்டுக்கு வந்த அன்று இது தங்கள் மேசையில் இருந்தது. எடுத்து நான்கு நாள்தான் ஆகிறது என்றீர்கள். டிஸ்க் பெட்டி விஷயத்தில் எனக்கு அப்போது இது மிகவும் தேவையாக இருந்தது. "நான் தினமும் அங்கதானே போறேன், படிச்சுட்டு நானே திருப்பிக் கொடுத்துடறேன் சம்பந்தி" என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவன் நான். பதினொன்றாம் பயிற்சியில் ஒரு டேப் லேபிள் அடையாளமாகச் செருகியிருக்கிறது, என் கையெழுத்துத்தான். கடவுச்சொல் பதினொன்றாம் பயிற்சிக்குப் பிறகு போட்டது என்று நினைக்கிறேன்.

ஆக அந்த இயந்திரம் தூக்கக் கலக்கத்தில் இல்லை. தாங்கள் சொன்னதும் பொய் இல்லை, புத்தகம் நூலகத்தை நோக்கி நாலாம் நாளே கிளம்பிவிட்டது. வழியில் என் பீரோவில் இறங்கிக்கொண்டது. ஆயிரத்து எண்பத்தொன்பது நாளும் என்னுடையவை. மேலே நான் எழுதியதில் தங்களைப் பற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு, என்னைப் பற்றியதை அடித்துவிடவும். மாப்பிள்ளையிடம் இருக்கும் நகலில் இந்தப் பின்குறிப்பு கிடையாது. அவருக்குக் காட்டுவதும் காட்டாததும் தங்கள் விருப்பம்.

நாலரை என்றால் தாங்கள் நாலு இருபத்தைந்துக்கு வந்து நிற்பீர்கள் என்று தெரியும். புத்தகத்தோடு நான் நாலு மணிக்கே வாசலில் நிற்பேன். எல்லார் முன்னாலும் என்னை ஒரு தடவை தாமதக்காரன் என்று சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.